அன்றாட ஆக்கமும் உள்ளத்தின் நலமும்

மனம் நன்றாக இருந்தால்தான் பாட்டு வரும் என்பர் ஒரு சாரார். மனம் நொந்தால்தான் பாட்டு வரும் என்பர் மற்றொரு சாரார். இலக்கியக் கூட்டங்களிலே இவ்விரு கட்சியினரும் மோதிக்கொள்வதை நேயர்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆயினும் இரு கட்சிக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு. முதலில் உணர்ச்சி, அதன் பின்னரே ஆக்கம் என்பதே அது. கிணற்றில் நீர் ஊறியிருந்தால்தான் வாளி நிறையும் என்ற கணக்கு.

எங்கள் கரையோரத்து மக்களின் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கையில் இந்தக் கணக்குப் பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. இறைக்க இறைக்கவும் கிணறு ஊறும் அல்லவா? வள்ளுவர் மணற்கேணியை எடுத்துக்காட்டியது கல்விக்கு. திருக்கோவில் கடற்கரை மணலில் பூவல் தோண்டித் தண்ணீர் அள்ளியவர்களுக்கு அந்த உவமை உரையாசிரியரின் உதவியின்றியே விளங்கும். அதையே நான் உள்ளத்துக்கும் பொருத்திப் பார்க்க விரும்புகிறேன்.

ஆக்கம் என்று இங்கே நான் சொல்வது அச்சேறும் கவிதையையும் மேடையேறும் நாடகத்தையும் மட்டும் அன்று. அமெரிக்க உளவியலாளர் ரூத் ரிச்சர்ட்சும் டெனிஸ் கின்னியும் அவர்களுடைய கூட்டாளிகளும் 1988 இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். புகழ்பெற்ற கலைஞர்களை விட்டுவிட்டு, சாதாரண மனிதர் தம் தொழிலிலும் ஓய்விலும் காட்டும் ஆக்கத்திறனை அளப்பதற்கான அளவுகோல் அது. அவர்கள் கேட்டவை இரண்டே. செய்ததிலே ஏதேனும் புதுமை உண்டா? அது பிறருக்கும் பொருள்படுகிறதா? இவ்விரண்டும் இருந்தால் அது ஆக்கமே. 2022 இல் சமையல் எரிவாயு கிடையாமற் போனபோது உமியையும் மரத்தூளையும் பழைய தகரப் பேணியையும் கொண்டு அடுப்புக் கண்டுபிடித்த தாய்மார் எத்தனை பேர்! அவர்களுடைய பெயர் எந்த இலக்கிய வரலாற்றிலும் வரப்போவதில்லை. ஆனால் அவர்கள் ஆக்கியவர்கள்.

இனி எங்கள் பக்கத்துக் கவிக்கு வருவோம். பெரியநீலாவணை தொடக்கம் பொத்துவில் வரை, தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக இருநிறப் பூக்களை மாறிமாறித் தொடுத்தாற்போல் அமைந்த கரை இது. கோயிலும் பள்ளிவாசலும் வேறு, சடங்குகள் வேறு. ஆனால் ‘கவி’ என்றால் இரு சாராருக்கும் ஒரே பொருள்தான். நாலடிப் பாட்டு. வட்டையிலே காவலிருந்த ஆணும், வண்டிலோட்டிய ஆணும், நெல் குற்றிய பெண்ணும், பாய் இழைத்த பெண்ணும் பாடிய பாட்டு. முஸ்லிம் ஊர்களிலே இது தனிச் செழிப்போடு வளர்ந்தது. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்ததனால் இன்று நாம் அவற்றைத் தாளிலாவது காண்கிறோம்.

கவியின் கட்டமைப்பைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். பெரும்பாலும் முன்னிரண்டு அடிகளில் ஒரு காட்சியோ உவமையோ வரும். பின்னிரண்டு அடிகளில் நெஞ்சிலுள்ள செய்தி வரும். தொடக்கச் சொற்கள் பல, ஊரார் எல்லாருக்கும் பொதுச் சொத்து. மச்சான் என்றும் மச்சி என்றும் விளிக்கும் விளிகள் ஆயத்தமாகவே உள்ளன. ஓசை ஆயத்தமாக உள்ளது. பாடுபவள் செய்ய வேண்டியது தன் ஊரையும் தன் வாய்க்காலையும் தன் குறையையும் அதற்குள் கொண்டுவந்து இருத்துவதுதான். ஆகவே ஒரு பாதி முன்னோர் செய்து வைத்தது, மறு பாதிதான் அவள் செய்வது.

இதைக் குறை என்று சிலர் கருதுவர். ‘பழகிப்போன வாய்பாடு’ என்று தள்ளிவிடும் விமர்சகரும் உண்டு. எனக்கு அதுவே இந்த வடிவத்தின் பெரும் பேறாகப் படுகிறது. மனம் சோர்ந்து கிடக்கும் ஒருத்தியிடம் வெற்றுத் தாளைக் கொடுத்து ‘உன் சோகத்தை எழுது’ என்றால் அவள் என்ன செய்வாள்? வெற்றுத் தாள் மலைபோல் நிற்கும். கவி அப்படி நிற்பதில்லை. அது பாதி வழி இறங்கி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது. அதுமட்டுமன்று; நேரிற் சொன்னால் நாணக்கேடாகவோ சண்டையாகவோ முடியக்கூடிய சொல், கவியிலே சொன்னால் பாட்டாகிவிடும். கணவன் வட்டைக்குப் போய்க் கிழமைக்கணக்காக வரவில்லை என்ற கோபத்தை மாமியார் காதுபடப் பேச முடியாது, பாடலாம். உணர்ச்சி அங்கே அடக்கப்படவும் இல்லை, கொட்டப்படவும் இல்லை. அதற்கு ஓர் உரு கிடைக்கிறது.

பாயும் அப்படித்தான். பன்னை வெட்டி, வெயிலிற் காயவைத்து, சாயமிட்டு அவித்து, ஒவ்வொன்றாக எடுத்து இழைப்பது கிழக்கிலங்கைப் பெண்களின் பழைய கைவேலை. மேலும் கீழுமாகப் பன் ஓடும் முறை தாய்வழி வந்தது. சிவப்பு எங்கே வர வேண்டும், ஓரக்கட்டு எப்படி முடிய வேண்டும் என்பதை இழைப்பவள் தீர்மானிப்பாள். இங்கும் பாதி வழக்கம், பாதி அவளுடையது.

நியூசிலாந்தின் ஒட்டாகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம்லின் கொனரும் அவருடைய கூட்டாளிகளும் 2016 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 658 இளம் வயதினர், 13 நாட்கள். நாள்தோறும் அவர்கள் ஒரு குறிப்பு எழுத வேண்டும். இன்று எவ்வளவு ஆக்கம் செய்தாய், இன்று உன் மனநிலை எப்படி என்பதே கேள்வி. பாட்டுக் கட்டியது, பின்னல் வேலை, புதுக் கறி சமைத்தது, படம் வரைந்தது எல்லாம் ஆக்கத்துள் அடங்கும். கிடைத்த விடை சுவையானது. வழமையிலும் கூடுதலாக ஆக்கம் செய்த நாளுக்கு மறுநாள், அவர்களுடைய உற்சாகமும் வாழ்வு நிறைந்திருக்கிறது என்ற உணர்வும் வழமையிலும் கூடியிருந்தன. ஆனால் இன்று மகிழ்ச்சியாக இருந்தவர் நாளை கூடுதலாக ஆக்குவார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அதாவது, நாளை நோக்கிய பாதையில் கை முன்னே போகிறது, மனம் பின்னே வருகிறது.

இதனைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். இளையவர்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதிய குறிப்புகள் அவை; 13 நாட்கள் ஓர் ஆயுள் அன்று. ஒரே நாளுக்குள் மகிழ்ச்சி ஆக்கத்துக்கு உதவுவதில்லை என்றும் அந்த ஆய்வு கூறவில்லை. உதவும் என்பதற்குப் பழைய சான்றே உண்டு. 1987 இல் அலிஸ் ஐசென் என்னும் உளவியலாளர் சில மாணவருக்கு நகைச்சுவைப் படத்துண்டு ஒன்றைக் காட்டினார். பின்னர் ஒரு மெழுகுதிரி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறையக் குத்தூசி ஆகியவற்றைக் கொடுத்து, மெழுகு நிலத்திற் சிந்தாதபடி திரியைச் சுவரிலே பொருத்தச் சொன்னார். பெட்டியை வெறுமையாக்கிச் சுவரிலே குத்தி அதன்மேல் திரியை நிறுத்த வேண்டும். பெட்டியைப் பெட்டியாக மட்டும் பார்ப்பவருக்கு இது தோன்றாது. சிரித்துவிட்டு வந்தவர்களுக்கு அதிகம் தோன்றியது. ஆனால் எல்லா நல்ல மனநிலையும் இப்படிச் செய்வதில்லை என்பது பின்னர் தெரியவந்தது. மத்தியாஸ் பாஸ் முதலிய நெதர்லாந்து ஆய்வாளர் 25 ஆண்டுக்கால ஆய்வுகளை 2008 இல் ஒருங்கு வைத்துப் பார்த்தபோது, ஆளைத் துள்ளி எழவைக்கும் மகிழ்ச்சியே ஆக்கத்தைக் கூட்டுகிறது, உண்ட மயக்கம் போன்ற சாந்தம் கூட்டுவதில்லை என்று கண்டனர். துயரம் தன்னளவில் ஆக்கத்தைக் கூட்டுவதாகவும் இல்லை, குறைப்பதாகவும் இல்லை. அச்சம் மட்டும் சிந்தையின் நெகிழ்ச்சியைக் குறைக்கிறது. துன்பப்பட்டால்தான் கவிஞனாகலாம் என்று தாடி வளர்க்கும் எங்கள் இளங்கவிஞர்கள் இதனைக் கவனிப்பது நல்லது.

நம் தொல்காப்பியரும் இந்த வழியில் ஒரு சொல்லை வைத்துப் போயிருக்கிறார். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு எனக் காட்டுவார். அழுகைக்கு இழவையும் வறுமையையும் பிறவற்றையும் சொன்னார், எவரும் எதிர்பார்ப்பதுதான். உவகைக்குச் செல்வத்தைச் சொன்னதும் வியப்பன்று. ஆனால் அந்த நான்கனுள் விளையாட்டையும் சேர்த்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. மகிழ்ந்தவன் விளையாடுவான் என்று அவர் எழுதவில்லை. விளையாட்டு உவகைக்குக் காரணம் என்றே வைத்தார். நான் வகுப்பிலே இவ்விடத்துக்கு வரும்போதெல்லாம் சற்று நின்றுதான் போவேன்.

சரி, துயரத்துக்கு வருவோம். எங்கள் தமிழ் ஊர்களிலே சாவீட்டு ஒப்பாரி அண்மைக்காலம் வரை ஒரு பெரும் கலையாக இருந்தது. ஒப்பாரி வைப்பவள் வெறுமனே அழுவதில்லை. இறந்தவரை விளிக்கிறாள், உவமை சொல்கிறாள், அவர் செய்ததை ஒவ்வொன்றாக எண்ணுகிறாள், விட்டுப்போன கடமையை முறையிடுகிறாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னொருத்தி அதனை வாங்கித் தொடர்கிறாள். அவளுக்குள் இருபது வருடத்துக்கு முந்திய தன் இழவும் கிளர்ந்து அந்தப் பாட்டிலே கலக்கிறது. இஸ்லாத்தில் இறந்தோருக்காக ஓலமிட்டுப் புலம்புவது விலக்கப்பட்டது. அங்கே ஓதலும் துஆவும் பொறுமையுமே வழி. ஆதலால் முஸ்லிம் பெண்களின் பிரிவாற்றாமை பெரும்பாலும் கவியிலே இடம் தேடிக்கொண்டது என்பது என் எண்ணம்.

ஒப்பாரி மனத்துக்கு நல்லதா என்று கேட்டால், அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்பவர் செய்த பரிசோதனை ஓரளவு விடை தரும். 1986 இல் வெளிவந்த அந்த ஆய்விலே மாணவர்கள் நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தம் வாழ்வின் கொடிய அனுபவத்தைப் பற்றி எழுதினர். எழுதி முடித்த கையோடு அவர்களின் மனநிலை மோசமாகவே இருந்தது. ஆனால் அடுத்த மாதங்களில், நடந்ததோடு அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் வைத்தியரை நாடிச் சென்றது குறைந்தது. பின்னர் நடந்த பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் பயன் உண்டு, ஆனால் சிறிது என்று தெரிந்தது. எல்லாருக்கும் ஒரே அளவிலும் இல்லை. சிதறிக் கிடந்ததை ஒரு கதையாகக் கோத்தவருக்கே, ‘ஏனென்றால்’ என்றும் ‘இப்போது விளங்குகிறது’ என்றும் எழுதத் தொடங்கியவருக்கே கூடிய நன்மை கிடைத்ததாகப் பென்னபேக்கர் கண்டார். ஒரே புண்ணை ஒரே விதமாகக் கீறிக்கொண்டிருப்பது ஆக்கம் ஆகாது. ஒப்பாரியின் எண்ணலும் உவமையும் முறையீடும் அந்தக் கோக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி இதற்கெல்லாம் இடமில்லாமற் போயிற்று. ஆழிப்பேரலை நாட்டிலேயே ஆகக்கூடிய உயிர்களைக் காவுகொண்டது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், எங்கள் திருக்கோவில், கோமாரி எனக் கரை முழுவதும் ஒரே காலையில் அழிந்தது. உடலே கிடைக்காத இடத்தில் யாரை விளித்து ஒப்பாரி வைப்பது? குழிகளில் ஒன்றாய் அடக்கியபோது யார் யாருடைய கழுத்தைக் கட்டிக்கொள்வது? அப்போது நான் இருபதுகளில் இருந்த இளைஞன். முகாம்களான பாடசாலைகளில் கேட்டது பாட்டன்று, ஒரு வகை மௌனம்.

அந்த நாட்களிலே உதவிக்கு வந்தவர்கள் பலர். அவர்களுட் சிலர் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, வர்ணப் பென்சில்களைக் கொடுத்து, ‘கடலை வரையுங்கள், அலையை வரையுங்கள்’ என்றனர். பிள்ளைகளும் வரைந்தனர், சொன்னபடி செய்யும் பிள்ளைகள் அல்லவா? பேரிடர் நிகழ்ந்த உடனே பாதிக்கப்பட்டவரை வற்புறுத்தி நடந்ததைச் சொல்லவைப்பது நன்மை தருவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே அறிவுறுத்துகிறது. ஆக்கம் கட்டளைக்குச் செய்யப்படும்போது அதன் மருந்து பாதி போய்விடுகிறது. அதே முகாம்களில் வேறொன்றையும் கண்டேன். நிவாரணமாக வந்த சீமெந்துப் பையின் நூலைப் பிரித்து ஒரு மூதாட்டி உறி பின்னிக்கொண்டிருந்தா. உறியிலே வைக்க அவவிடம் பானை ஒன்றும் இல்லை. யாரும் அவவிடம் பின்னச் சொல்லவும் இல்லை.

கட்டளையின்றி ஆக்கத்துக்கு இடம் கொடுத்த முயற்சி ஒன்றும் எங்கள் கிழக்கிலேயே நடந்தது. மட்டக்களப்பிலே 1996 இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவே அது. கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் உள்ளூர்த் துணைவர்களும் சேர்ந்து அமைத்தது. யுத்தம் தொட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் கூட்டிவரப்பட்டனர். களிமண், வர்ணம், கதை, நாடகம், மரம், வளர்ப்புப் பிராணிகள் ஆகியன அங்கே இருந்தன. ‘உனக்கு என்ன நடந்தது?’ என்பது அங்கே முதற் கேள்வியாக இருக்கவில்லை. களிமண்ணிலே யானை செய்யும் பிள்ளை யானையைத்தான் செய்தது. சொல்ல வேண்டியது பல கிழமைகளின் பின் யானையின் கதைக்குள் தானாகவே வரலாம், வராமலும் விடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019 இல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிக் கலைகளுக்கும் உடல், உள நலத்துக்கும் தொடர்புண்டு என்று அறிக்கை வெளியிட்டது. மட்டக்களப்பு வாவிக்கரையிலே அதற்கு இருபது வருடத்துக்கு முன்பே அதனை வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பின், பழைமையைப் போற்றும் போதையில் நான் பேசுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. பன்பாய் இழைத்த கை வறுமைப்பட்ட கை. வியாபாரி சொன்ன அளவில், சொன்ன நிறத்தில், அடிமாட்டு விலைக்கு விடிய விடிய இழைத்தவளுக்குப் பாயிலே உவகை எங்கிருந்து வரும்? மருதமுனைத் தறியும் அப்படியே. பாவும் ஊடையும் அளந்து கொடுக்கப்பட்டு, சாரத்தின் கட்டமும் பிறரால் முடிவு செய்யப்பட்டால் அது கூலிவேலை. ஓரக்கட்டையாவது தன் விருப்பப்படி முடிக்கலாம் என்ற இடத்திலேதான் ஆக்கம் தொடங்குகிறது. வெட்டும் நிலங்கள் அருகி, கடையிலே பிளாஸ்திக் பாய் மலிவாகக் கிடைக்கிறபோது, பன்பாயை வாங்கச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தமாட்டேன்.

என் கவலை வேறு. பாய் போன இடத்தில் என்ன வந்தது? கவி போன இடத்தில் என்ன வந்தது? கவி பாடுவது நாகரிகமன்று என்று இரு சமூகத்துப் பேத்திமாரும் நாணுகிறார்கள். ஒப்பாரிக்குப் பதில் ஒலிபெருக்கியிலே ஒலிப்பதிவு போகிறது. பிள்ளையின் நாளோ பாடசாலை, பிரத்தியேக வகுப்பு, மீண்டும் பிரத்தியேக வகுப்பு என்று கழிகிறது. தமிழ்ப் பாடத்தில் கட்டுரை எழுதுவதுகூட இன்று ஆக்கமாக இல்லை. ‘நான் ஒரு பழைய குடை’ என்ற தலைப்புக் கொடுத்தால் முப்பது பிள்ளைகள் ஒரே குடையைக் கொண்டுவருகிறார்கள். ஒரே கடையில் வாங்கி, ஒரே மழையில் நனைந்து, ஒரே மூலையில் எறியப்பட்ட குடை. யாரோ எழுதிக்கொடுத்ததை மனனஞ் செய்தது. புள்ளி கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பரீட்சை அச்சத்தில் நித்திரையின்றி வரும் ஒரு பிள்ளைக்குத் தன் குடையைத் தானே எழுதும் கால்மணி நேரம் கிடைத்திருந்தால் அதன் மறுநாள் எப்படி இருந்திருக்கும்? சாதாரண தரத்திலே சித்திரமோ சங்கீதமோ நாடகமோ ஒரு பாடமாக உண்டுதான். அங்கும் பிள்ளை கேட்பது, ‘சேர், இது பரீட்சைக்கு வருமா?’ என்பதே.

ஆகவே சென்ற தவணையில் பத்தாம் தர மாணவருக்கு ஒரு சிறு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒரு கவியாவது கேட்டு எழுதி வாருங்கள், கிடைக்காவிட்டால் நீங்களே கட்டி வாருங்கள், புள்ளி இல்லை என்றேன். புள்ளி இல்லை என்றதும் பாதிப் பேர் மறந்துவிட்டனர். சிலர் சினிமாப் பாட்டைத் திருத்திக்கொண்டு வந்தனர், அதுவும் எனக்குப் பிடித்தே இருந்தது. ஒரு மாணவி வெறுங்கையோடு எழுந்து நின்றாள்.

“சேர், எங்கட பெத்தாவுக்கு நிறையக் கவி தெரியும். ஆனா சும்மா இருந்து கேட்டா வராதாம். கையில பன் இருந்தாத்தான் வாயில கவி வருமாம்.”

“அப்ப பன்னுக்கு என்ன செய்யிற?”

“வாப்பாட கூட்டாளி ஒராள்...” என்று பின்வாங்கிலிருந்து ஒரு பகிடி எழுந்தது, வகுப்பே சிரித்தது. பெத்தாவின் ஊரில் பன் வெட்டுவதை விட்டுப் பல வருடமாம். இரண்டு கிழமை கழித்து அந்தப் பிள்ளையின் தகப்பன் பொத்துவில் பக்கம் போனபோது ஒரு கட்டுப் பன் கொண்டுவந்திருக்கிறார். பாய் இன்னும் முடியவில்லை, பெத்தாவுக்குக் கண் சரியில்லை, நாளுக்கு ஒரு சாண்தான் இழைக்கிறாவாம். கொப்பியிலே இதுவரை பதினொரு கவி ஏறியிருக்கின்றன. அவற்றுள் இரண்டு, பேத்தியின் கைத்தொலைபேசியைப் பற்றியவை.